ஏஐ பயிலரங்கைக் கருவியிலிருந்து தொடங்காதீர்கள், விடைத்தாளிலிருந்து தொடங்குங்கள்

கல்லூரியில் 'தனிப்பயன் கற்றலுக்கு ஜெனரேட்டிவ் ஏஐ' என்று ஒரு எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிலரங்கு) வைக்கச் சொன்னால், முதலில் கைக்கு வருவது கருவிகளின் பட்டியல்தான். காலையில் ஏஐ என்றால் என்ன, மதியம் 20 கருவிகள், மாலையில் சான்றிதழ். மறுநாள் 60 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியருக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. அந்த 60 பேரில் யார் எங்கே சறுக்குகிறார்கள் என்பது தெரிந்த பிறகுதான் ஏஐக்கு வேலையே வருகிறது.

தமிழ்நாட்டில் பல்கலைக்கழக இணைப்பு பெற்ற ஒரு கல்லூரியில் 30 ஆசிரியர்களுக்கு ஒன்றரை நாளில் நடத்தக்கூடிய திட்டத்தை இங்கே தருகிறோம். இலக்கைச் சிறிதாக வைத்திருக்கிறோம். ஒரே பாடம் எடுக்கும் இருவர் ஓர் இணை. ஒவ்வோர் இணையும் தங்கள் பாடத்தின் ஒரே ஒரு யூனிட்டுக்கு மூன்று பொருள்களோடு வெளியே போக வேண்டும்: பிழையைக் கண்டறியும் 5 வினாக்கள், பிழைக்கு ஒன்றாக மூன்று பயிற்சித்தாள்கள், ஆசிரியரே மாணவராக நடித்து முட்டிப் பார்த்த ஒரு டியூட்டர் பிராம்ப்ட் (ஏஐயை டியூட்டராக நடக்கச் சொல்லும் கட்டளை). இதற்கு மேல் எதையும் நுழைக்க வேண்டாம். ஸ்லைடு தயாரிப்பது, படம் வரைவது, ஆய்வுக் கட்டுரை எழுதுவது எல்லாம் வேறொரு நாளுக்கு உரியவை.

தேதி

முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாள்கள் திருத்தி முடிந்த அடுத்த வாரம் வையுங்கள். செமஸ்டர் தொடங்கும் முன் வைத்தால் ஆசிரியர் கையில் மாணவர் பிழை எதுவும் இருக்காது. கற்பனை மாணவருக்குக் கற்பனைப் பயிற்சி எழுதிவிட்டுப் போவார்கள். பல்கலைக்கழக மதிப்பீட்டு முகாம் நடக்கும் நாட்களையும் விலக்குங்கள், பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள். மீதி அரை நாளை இரண்டாவது இன்டர்னல் முடிந்ததும் வைக்க வேண்டும். இரண்டு தேதிகளையும் ஒரே சுற்றறிக்கையில் போடுங்கள். 'பிறகு அறிவிக்கப்படும்' என்று விட்டால் அந்த அரை நாள் நடக்காது.

சான்றிதழ் இரண்டாவது அமர்வுக்குப் பிறகுதான் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கட்டும். கண்டிப்பாகத் தோன்றலாம், ஆனால் வகுப்பில் முயன்று பார்க்காத பயிலரங்குக்குச் சான்றிதழ் கொடுப்பதில் பொருளில்லை. ஐ.க்யூ.ஏ.சி.க்கு (கல்லூரியின் உள்தர உறுதிக் குழு) வேண்டிய வருகைப் பதிவு, ஜியோடேக் படம், பின்னூட்டப் படிவம் ஆகியவற்றை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஒருங்கிணைப்பாளர் அதில் மாட்டிக்கொண்டால் அறையைக் கவனிக்க ஆள் இருக்காது.

பத்து நாள் முன்னால்

ஒவ்வோர் இணையிடமும் இவற்றைக் கேளுங்கள். இன்டர்னலில் மாணவர்கள் அதிகமாக மதிப்பெண் இழந்த ஒரு வினா. அந்த வினாவில் தவறிய 10 விடைத்தாள்களின் நகல், பெயரும் பதிவெண்ணும் உள்ள மேல்பக்கம் நீக்கப்பட்டு. அந்த யூனிட்டின் பாடக்குறிப்பு, மென்நகலாக.

இந்தப் பாடக்குறிப்பில்தான் எதிர்பாராத சிக்கல் வரும். பழைய தமிழ்க் குறிப்புகள் பல பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரியும்; நகலெடுத்து ஏஐயில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். முன்கூட்டியே யூனிகோடுக்கு மாற்றி வரச் சொல்லுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியதை ஒருமுறை படித்துப் பார்ப்பது அவசியம், கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும். கையெழுத்துக் குறிப்பை ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் நம்பகமானதல்ல, சமன்பாடுகள் சிதைந்து போகும். ஒரு யூனிட்டின் முக்கியமான நான்கு பக்கங்களைப் புதிதாகத் தட்டச்சு செய்து வருவது எல்லாவற்றையும் விட விரைவான வழி.

வெளியிலிருந்து வல்லுநரை அழைப்பதானால் பாடம் நடத்தி விடைத்தாள் திருத்திய ஒருவரை அழையுங்கள். மென்பொருள் விற்பவர் வந்தால் அவருடைய கருவிதான் பேசுபொருளாகும். உள்ளூரிலேயே இதைப் பயன்படுத்தும் மூன்று ஆசிரியர்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இணைகளுக்கு ஒரு துணைவர் என்பது சரியாக வரும்.

அறை, இணையம், லாகின்

பயிலரங்கு தடுமாறுவது பெரும்பாலும் லாகினில்தான். எழுத்து வடிவ உரையாடலுக்கு அதிக வேகம் தேவையில்லை, கல்லூரி வைஃபையே போதும். சிக்கல்கள் வேறு இடத்திலிருந்து வரும். கல்லூரியின் ஃபயர்வால் சில தளங்களை அடைத்திருக்கலாம். கல்லூரி டொமைன் மின்னஞ்சலில் நுழைந்தால் அட்மின் ஏஐ சேவையை அணைத்து வைத்திருக்கலாம். அட்மின் கன்சோலில் அவர்தான் திறந்துவிட வேண்டும். ஒரே ஐபி முகவரியிலிருந்து 30 பேர் ஒரே நிமிடத்தில் கணக்குத் தொடங்கினால், தளம் ரோபோ என்று சந்தேகித்து கேப்ச்சா கேட்கும், அல்லது தடுத்துவிடும். லேபில் செல்போன் சிக்னல் இல்லாவிட்டால் ஓ.டி.பி. வராது.

ஆகவே கணக்குகளை முந்தைய வாரமே அவரவர் வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முந்தைய நாள் மாலை, அதே லேபில், ஆசிரியர் கணக்கிலேயே ஐந்து கணினிகளில் நுழைந்து ஒரு கோப்பை ஏற்றிப் பாருங்கள். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மூன்றில் ஒன்றை முதன்மையாகவும் இன்னொன்றை மாற்றாகவும் வைத்தால் போதும். இலவசக் கணக்குகளுக்கு வரம்பு உண்டு, கோப்பு ஏற்றினால் இன்னும் சீக்கிரம் தீரும். இணையில் ஒருவர் கணக்கைக் காலையிலும் மற்றவர் கணக்கை மதியத்திலும் பயன்படுத்தினால் சமாளித்துவிடலாம். இரண்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டுகள், போதுமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் தயாராக இருக்கட்டும். இணையமே போய்விட்டால் என்ன செய்வது? காலையின் முதல் பயிற்சிக்கு இணையமே தேவையில்லாதபடி அமைத்திருக்கிறோம், அதை நீட்டிக்கொள்ளலாம்.

காலை: கணினியைத் தொடாத 75 நிமிடம்

தொடக்க உரை அரை மணி நேரம் போதும். அதில் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். 1984-ல் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரை முதலாவது: ஒருவருக்கு ஒருவர் என்று கற்பிக்கப்பட்ட மாணவர்களின் சராசரி, வழக்கமான வகுப்பின் சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகிப் பரவும் அளவு) மேலே இருந்தது என்றார். பின்னர் வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆனாலும், தனிக் கவனிப்பின் பலனை 60 பேருக்கு எப்படிக் கொடுப்பது என்று அவர் எழுப்பிய கேள்வி இன்னும் நம் முன்னே நிற்கிறது.

இரண்டாவது, துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் நடத்தி 2024-ல் வெளியான ஆய்வு. சாதாரண சாட்ஜிபிடி போன்ற உதவியைப் பெற்றவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு மேலாகச் செய்தார்கள். உதவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி, ஆசிரியர்கள் தந்த தகவலோடு அமைத்த டியூட்டரைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. இந்த ஓர் ஆய்வை நிதானமாக விளக்கினால், மதியம் டியூட்டர் பிராம்ப்ட்டுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஒதுக்குகிறோம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பிறகு விடைத்தாள்கள். 10 தாள்களையும் மேசையில் பரப்பி, பிழையின் தன்மைப்படி மூன்று அல்லது நான்கு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரே வாக்கியத்தில் பெயர் வைக்க வேண்டும். 'கவனக்குறைவு', 'அடிப்படை வீக்' என்ற பெயர்களை ஏற்காதீர்கள். அவை மாணவர் என்ன செய்தார் என்று சொல்வதில்லை. 'பக்க இணைப்பைத் தொடர் இணைப்பாக நினைத்துக் கூட்டிவிட்டார்' என்பது பெயர். பழகிய ஆசிரியர்களுக்கு இது கைவந்த கலை. 25 ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியர் இந்த மேசையில் முன்னால் நிற்பார். ஏஐயைக் கண்டு ஒதுங்கி நின்றவரும் தன் அறிவுதான் இங்கே மூலதனம் என்று உணர்வார். இந்த 75 நிமிடத்தைச் சுருக்காதீர்கள்.

ஒரே ஒரு கணக்கு, அருகிலிருந்து

அடுத்த 90 நிமிடம், 11.30 முதல் 1 மணி வரை, கண்டறியும் வினாக்களும் பயிற்சித்தாள்களும். அறை முழுவதற்கும் முதலில் ஓர் எடுத்துக்காட்டைச் செய்து காட்டுங்கள். முதலாண்டு மின்னியலில் பக்க இணைப்பு மின்தடைகளை எடுத்துக்கொள்வோம். குவியல்கள் மூன்று. அ: எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறவர்கள். ஆ: இரண்டு மின்தடைக்கு உரிய 'பெருக்கல் கீழ் கூட்டல்' சூத்திரத்தை மூன்றுக்கும் போடுகிறவர்கள். இ: தலைகீழ்களைக் (1/மின்தடை) கூட்டிவிட்டு, கடைசியில் மீண்டும் தலைகீழாக்க மறக்கிறவர்கள்.

'பக்க இணைப்பில் மூன்று மின்தடைகள் வைத்து ஒரு கணக்கு கொடு' என்று மட்டும் ஏஐயிடம் கேட்டால் 6, 3, 2 ஓம் என்பது போன்ற அழகான எண்கள் வரலாம். விடை 1 ஓம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: இ குவியல் மாணவர் தலைகீழாக்க மறந்தாலும் அவருக்கும் 1 தான் வரும். வினா அவரைச் சரி என்று விட்டுவிடும். எண்களை 12, 6, 4 என்று மாற்றிப் பாருங்கள். சரியான விடை 2 ஓம். கூட்டியவருக்கு 22, பெருக்கல் கீழ் கூட்டல் போட்டவருக்கு ஏறத்தாழ 13.09, தலைகீழாக்க மறந்தவருக்கு 0.5. விடையைப் பார்த்த மாத்திரத்தில் யார் எந்தக் குவியல் என்று தெரிந்துவிடுகிறது.

எனவே பிராம்ப்ட் இப்படி இருக்க வேண்டும்: 'என் மாணவர்கள் கீழ்க்கண்ட மூன்று பிழைகளைச் செய்கிறார்கள். ஒவ்வொரு பிழையும் வெவ்வேறு விடையைத் தரும்படி எண்களைத் தேர்ந்து 5 வினாக்கள் எழுது. ஒவ்வொரு வினாவுக்கும் சரியான விடையையும் மூன்று பிழைவிடைகளையும் அட்டவணையில் காட்டு.' வந்த அட்டவணையை இணையில் ஒருவர் கால்குலேட்டரில் சரிபார்த்த பிறகே அடுத்த படி. மொழிமாதிரிகள் (சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இயங்கும் ஏஐ) கணக்கில் தவறும், தவறிய விடையையும் அதே உறுதியோடு எழுதும். சரிபார்க்காத தாள் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பதை விதியாகவே சொல்லிவிடுங்கள்.

பயிற்சித்தாளிலும் இதே கவனம் வேண்டும். பலர் 'எளிது, நடுத்தரம், கடினம்' என்று மூன்றாகக் கேட்பார்கள். அது தனிப்பயன் கற்றல் ஆகாது. ஒரே பாதையில் வேகத்தை மட்டும் மாற்றுகிறது. அ குவியலுக்கு எண்களே இல்லாத நான்கு சுற்றுப்படங்கள் போதும்: மின்னோட்டம் எங்கே பிரிகிறது என்று குறிக்கச் சொல்லலாம். (படங்களை ஆசிரியரே கையால் வரையட்டும். ஏஐ வரையும் மின்சுற்றில் கம்பிகள் எங்கெங்கோ போய் ஒட்டும்.) ஆ குவியலுக்கு, சூத்திரத்தை விடாமல் இரண்டிரண்டாகப் போகக் காட்டலாம்: 12-ம் 6-ம் சேர்ந்து 4, அந்த 4-ம் மீதி 4-ம் சேர்ந்து 2. இ குவியலுக்கு ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதச் சொன்னால், 0.5 என்பது ஓம் அல்ல, ஓமின் தலைகீழ் என்று அவரே கண்டுபிடிப்பார். 'விடை மிகச் சிறிய மின்தடையைவிடக் குறைவாக இருக்கிறதா' என்ற வழக்கமான சோதனை 22-யும் 13.09-யும் பிடித்துவிடும், 0.5-ஐப் பிடிக்காது. இதையெல்லாம் பிராம்ப்ட்டில் எழுதினால்தான் ஏஐ அதன்படி தாள் செய்து தரும். எழுதாவிட்டால் பொதுவான 10 கணக்குகள்தான் வரும்.

இந்தத் தாள்களை அச்சிட்டுக் கொடுத்தால் போதும். மாணவர் கையில் செல்போனோ கணக்கோ தேவையில்லை. வீட்டுக்கே ஒரு போன் உள்ள மாணவர்கள் நம் வகுப்பில் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு நடக்கும் தனிப்பயன் கற்றல் வேண்டாம். முதலில் காகித வழி, பிறகுதான் திரை.

தமிழில் கேட்கும்போது

மாதிரிகள் தமிழை நன்றாகவே எழுதுகின்றன, கலைச்சொல்லில்தான் தடுமாறுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'ஆற்றல்', 'திறன்' என்று வருவது, இலங்கைப் பாடநூலில் 'சக்தி', 'வலு' என்று வரும். இங்கே வேதியியல், அங்கே இரசாயனவியல். மாதிரி இரண்டையும் கலந்து எழுதினால் மாணவர் ஒரே பொருளை இரண்டாக நினைத்துக் குழம்புவார். ஆகவே அந்த யூனிட்டின் 20 கலைச்சொற்களைப் பட்டியலாக்கி, 'இந்தச் சொற்களை மட்டுமே பயன்படுத்து' என்று பிராம்ப்ட்டின் தலையில் வையுங்கள். ஆங்கில வழியில் தேர்வெழுதும் மாணவருக்கு, கலைச்சொல் ஆங்கிலத்திலும் விளக்கம் பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும் என்று கேட்கலாம். பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவருக்கு இது பெரிய துணை. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (ஏஐ எழுத்தைப் பிரித்து எண்ணும் துண்டு) எடுப்பதால் இலவச வரம்பு சீக்கிரம் தீரும், நீண்ட பதில் பாதியில் நிற்கவும் கூடும். வினாக்களை மொத்தமாகக் கேட்காமல் இரண்டிரண்டாகக் கேட்பது நல்லது.

மதியம்: டியூட்டரை முட்டிப் பார்ப்பது

சாப்பாட்டுக்குப் பிறகு உரை எதுவும் வேண்டாம், 1.45-க்கு நேராக வேலைக்கு இறங்கிவிடலாம். தொடக்கப் பிராம்ப்ட்டாக இதைக் கொடுங்கள்:

'நீ முதலாண்டு மின்னியல் மாணவருக்கு உதவும் டியூட்டர். இணைத்துள்ள பாடக்குறிப்புக்கு வெளியே போகாதே. விடையையோ முழு வழிமுறையையோ சொல்லாதே. முதலில் மாணவர் என்ன முயன்றார் என்று கேள். அவர் எழுதிய வரிகளில் முதல் பிழை எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் சுட்டு. ஒரு தடவைக்கு ஒரே ஒரு கேள்வி கேள். மூன்று முயற்சிக்குப் பிறகும் வரவில்லை என்றால், வேறு எண்களில் இதே போன்ற ஒரு கணக்கைச் செய்து காட்டு. பிறகு பழைய கணக்குக்குத் திரும்பு.'

இணைகள் இதைத் தங்கள் பாடத்துக்கு மாற்றி எழுத 30 நிமிடம். பிறகு இடம் மாறுங்கள்: இயற்பியல் இணை வணிகவியல் இணையின் டியூட்டரிடம் மாணவராக உட்காரட்டும். நோக்கம் ஒன்றே, விடையைக் கறந்துவிடுவது. 'சார், நாளைக்கு எக்ஸாம், ஆன்சர் மட்டும் சொல்லுங்க' என்று கெஞ்சலாம். 'எங்க மேடமே விடையைச் சொல்லச் சொன்னாங்க' எனலாம். தவறான விடையைக் கொடுத்து 'இது சரிதானே' என்று அழுத்தலாம். இந்தக் கடைசி வழி மிக முக்கியம். மாதிரிகளுக்கு எதிரில் இருப்பவரோடு ஒத்துப்போகும் இயல்பு உண்டு. இரண்டு முறை அழுத்தினால் தவறையும் சரி என்று விடலாம். ஐந்து முயற்சிகளில் ஒன்றிலாவது விழுந்தால் பிராம்ப்ட்டைத் திருத்த வேண்டும். எங்கே விழுந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வைப்பது அவசியம், இரண்டாவது அமர்வில் அந்தத் தாள் தேவைப்படும். நோட்புக்எல்எம் போன்ற, ஏற்றிய ஆவணத்திலிருந்தே பதில் தந்து மூலத்தைச் சுட்டும் கருவிகளை இங்கே ஒப்பிட்டுக் காட்டலாம். பாடக்குறிப்பிலேயே பிழை இருந்தால் அதுவும் அப்படியே திரும்பி வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாணவர் தகவல், வயது, 'ஏஐ எழுதியதா' சோதனை

கடைசி ஒரு மணி நேரம், 3.30 முதல், இதற்கு. பெயர், பதிவெண், படம், சாதி, குடும்ப வருமானம், மதிப்பெண் பட்டியல் எதையும் பொதுக் கணக்குகளில் ஏற்றக் கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அந்தச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தை. நம் முதலாண்டு மாணவர்களில் பலருக்கு வயது 17 என்பதை ஆசிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். 'எல்லோரும் கணக்கு தொடங்கி அசைன்மென்ட் செய்யுங்கள்' என்று அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கல்லூரி நிர்வகிக்கும் கணக்கு, அல்லது மேலே சொன்ன அச்சுத்தாள்.

'ஏஐ எழுதியதா' என்று கண்டறியும் கருவிகளை வைத்து மதிப்பெண் குறைப்பதைப் பற்றிக் கேள்வி நிச்சயம் வரும். தெளிவாகச் சொல்லுங்கள்: வேண்டாம். ஓபன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 60 விழுக்காட்டுக்கும் மேல் ஏஐ எழுதியது என்று தவறாகக் காட்டின. எளிய சொற்களில், ஒரே மாதிரி வாக்கியங்களில் எழுதும் நம் கிராமத்துப் பிள்ளைதான் முதலில் மாட்டுவார். சந்தேகம் இருந்தால் ஐந்து நிமிடம் எதிரில் உட்கார வைத்து வாய்மொழியாகக் கேளுங்கள், போதும்.

இடைப்பட்ட வாரங்களும் இரண்டாவது அமர்வும்

ஆசிரியர் செய்ய வேண்டியது ஒரே ஒரு சுற்று. கண்டறியும் 5 வினாக்களை 15 நிமிடத்தில் வைத்து, குவியலுக்கு ஏற்ற தாளைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து எண்களை மட்டும் மாற்றிய அதே வகை வினாக்களை மீண்டும் வைப்பது. செல்போன் இல்லாமல், கையால் எழுதும் தேர்வாக. குவியல் எண்ணிக்கை முன்னும் பின்னும் எவ்வளவு என்று இரண்டு வரி எழுதி வந்தால் போதும், அறிக்கை வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் துணைவர்கள் வாரம் ஒருமுறை 'எந்தத் தாள் ஓடவில்லை' என்று மட்டும் கேட்கட்டும். குழுவில் வாழ்த்துப் படங்கள் நிறைய ஆரம்பித்தால் கேள்விகள் அடியில் போய்விடும், அட்மின் மட்டும் பதிவிடும்படி வைத்து, பதில்களைத் தனியாக வாங்குங்கள்.

இரண்டாவது அமர்வுக்கு மூன்று மணி நேரம். ஒவ்வோர் இணைக்கும் எட்டு நிமிடம்: ஓடாத தாளை முதலில் காட்ட வேண்டும், ஓடியதை அதற்குப் பிறகு. 15 இணைகளுக்கு இதுவே இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எண்ணிக்கை குறையாத குவியல் கட்டாயம் இருக்கும். அங்கே பெரும்பாலும் குவியலின் பெயர் தவறாக வைக்கப்பட்டிருக்கும், ஒரே பெயரின் கீழ் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கும். மீதி ஒரு மணி நேரத்தில் அந்த விடைத்தாள்களை மறுபடி மேசையில் பரப்பிப் பெயரைத் திருத்தி, திருத்திய பெயரோடு பிராம்ப்ட்டை மீண்டும் ஓட்டச் செய்யுங்கள். முடிந்த தாள்களையும் பிராம்ப்ட்டுகளையும் விழுந்த இடங்களின் குறிப்பையும் பாடக் குறியீடு, யூனிட் எண், சரிபார்த்தவர் பெயர், தேதி ஆகியவற்றோடு துறையின் பொது டிரைவில் ஏற்றி, அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தை எடுக்கப்போகும் ஆசிரியருக்கு அணுகல் கொடுத்துவிட்டுச் சான்றிதழ்களை வழங்கலாம்.